என் புறங்கையில் இருக்கும் உன் தோல்

என்னோடு ஒரே வயிற்றில் கிடந்தவளே,

ஆராய்ச்சிக்காக செம்போர்னாவுக்கு வந்த டாக்டர் ரோஸ்னானி, கடல்பாசி வளர்க்கும் எங்கள் கைகளிலிருந்து அரிசியளவு தோல் எடுத்துப்போனார். என் புறங்கையில் கொதிக்கும் எண்ணெய் கொட்டியபோது உன் தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்களே, அந்த இடத்திலும் எடுத்தார்.

நேற்று முடிவோடு வந்தார்.

"பிறவியில மரபணுவுல எழுதினதை வெயில் மாத்துறதில்ல அக்கா. ஆனா எதைப் படிக்கணும், எதை மூடி வைக்கணும்னு அதுமேல குறி போட்டுடுது."

"ஒட்டின தோல்லயுமா?"

"அதான் அதிசயம்! வெயிலே படாத தோலா வந்துச்சு. இப்ப பக்கத்துல இருக்கிற உங்க தோல் மாதிரியே குறி வாங்கியிருக்கு."

"வெயிலுக்கு அரிசி மாவை முகத்துக்குத்தானே பூசுறோம், கைக்கு யாரு பூசுவா!" என்று சிரித்தேன். சிரித்துக்கொண்டே அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தேன்.

உன் மகனைக் கடல் கொண்டுபோன அன்று, "இனி இந்தத் தண்ணில என் கால்விரல்கூடப் படாது" என்று சொல்லிவிட்டுக் கோத்தா கினபாலுவுக்குப் பஸ் ஏறினாய். நான் தடுக்கவில்லை. இப்போதும் வா என்று கூப்பிட இதை எழுதவில்லை.

ஆனால் ஒன்று. நீ போன பிறகும், உள்ளங்கையளவு நீ விடியும்போதே என்னோடு படகில் ஏறுகிறாய். உச்சி வெயிலில் பாசிக் கயிறு கட்டுகிறாய். அவன் இறங்கிய இடம் வந்ததும், தினமும், தண்ணீருக்குள் கை விட்டுத் துழாவுகிறாய்.

உனக்குச் சற்று முன்னால் பிறந்தவள்