பிளாஸ்திரியில் ஒரு நான்கு

சிஸ்டர்,

வரிசை போட்டுக்கொள்ளாமல் எனக்கு எழுத வராது. நீங்கள் இருந்தால் கேலி செய்வீர்கள். இருந்தாலும்:

1. பழைய நோட்டில் கிடைத்த பிளாஸ்திரித் துண்டு.
2. கப்பலூர்க்காரரின் குழந்தைக்கு நான் எடுத்த தவறான அளவு.
3. எல்லோர் முன்னாலும் நீங்கள் என்னைக் காட்டிக்கொடுத்தது.

போன வாரம் உங்கள் நினைவாக நடந்த ஜெபக் கூட்டத்தில் என்னையும் பேச அழைத்தார்கள். எழுந்து, "நல்லவங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அத்தனை வருடம் ஆஸ்பத்திரியில் உங்களோடு ஒரே அறையில் வேலை பார்த்தவன் பேசுகிற பேச்சா அது? வீட்டுக்கு வந்து பழைய நோட்டுகளைப் புரட்டினேன். ஒரு பக்கத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது இந்தத் துண்டு. முகர்ந்தால் இன்னும் லேசாக மருந்து வாடை. மேலே உங்கள் எழுத்தில் ஒரு 4.

இதயத்துக்குள் விடும் குழாய்களுக்குத் தடிமனைப் பொறுத்து எண் உண்டு. எடுத்துக் கொடுக்கும் குழாயின் எண்ணைப் பிளாஸ்திரியில் எழுதித் தட்டின் ஓரத்தில் ஒட்டுவது உங்கள் வழக்கம். அந்த எண்ணைக் கணினியில் போட்டு, குழாயையே அளவுகோலாக வைத்து, திரையில் வால்வின் வளையத்தை அளப்பது என் வேலை. என் அளவை நம்பித்தான் டாக்டர் பலூன் கேட்பார்.

அன்று வந்தது பிறந்து இருபது நாள் ஆன பெண் குழந்தை. நுரையீரலுக்கு ரத்தம் போகும் வால்வு ஊசித் துளை அளவுக்குச் சுருங்கி, உதடெல்லாம் நீலம் பாரித்திருந்தது. அப்பா கப்பலூரில் லேத் ஓட்டுபவர். கதவருகே என் கையைப் பிடித்துக்கொண்டு, "இம்புட்டு நெஞ்சுக்குள்ள பலூனா அண்ணே?" என்றார். தொடை ரத்தக்குழாய் வழியாகச் சுருட்டிய பலூனைக் கொண்டுபோய், வால்வுக்குள் சில நொடி ஊதி, ஒட்டியிருக்கும் இதழ்களைப் பிரித்துவிடுவார்கள் என்று சொன்னேன். பலூன் பெரிதாகிவிட்டால் வளையமே கிழியலாம் என்பதைச் சொல்லவில்லை.

எப்போதும் ஐந்தாம் எண் குழாய்தான். குழந்தை சிறியது என்று டாக்டர் அன்று நான்கு கேட்டார். நான் கணினியில் ஐந்தையே விட்டுவிட்டேன். வளையம் ஏழரை மில்லிமீட்டர் என்றேன். வளையத்தைவிடச் சற்றே பெரிதாக, டாக்டர் ஒன்பது மில்லிமீட்டர் பலூன் கேட்டார். நீங்கள் பலூன் உறையைக் கையில் எடுத்தீர்கள். அப்போதுதான் உங்கள் தட்டின் ஓரத்தில் அந்த 4 என் கண்ணில் பட்டது.

வாய் திறக்கவில்லை சிஸ்டர். ஒருவேளை நான்கென்றுதான் போட்டேனோ, சொல்லிவிட்டு இல்லையென்றால் என்ன நினைப்பார்கள் என்று நின்றேன். ஆக்ஸிஜன் எண் இறங்கிக்கொண்டிருந்தது. நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். தட்டைப் பார்த்தீர்கள். மறுபடி என்னைப் பார்த்தீர்கள். உறையைக் கிழிக்கவில்லை.

"சார், ஒரு நிமிஷம். அண்ணன் என்னமோ சொல்லணும்ங்கிறாரு."

அறையில் எல்லோரும் திரும்பினார்கள்.

"சார், குழாய் நாலு. நான் அஞ்சுன்னு போட்டு அளந்துட்டேன்."

டாக்டர் திட்டவில்லை. திரும்ப அளக்கச் சொன்னார். வளையம் ஆறு. ஏழு பலூன் போயிற்று. ஊதியதும் அதன் நடுவே இடுப்புப் போல ஒரு சுருக்கம் தெரிந்தது. குழந்தையின் ரத்த அழுத்தக் கோடு படுத்துவிட்டது. சுருக்கம் விரிந்தது. பலூனுக்குள் காற்றுக்குப் பதிலாக ஏற்றியிருந்த மருந்து நீரை உறிஞ்சி எடுத்ததும் கோடு எழுந்தது. உதடு சிவக்கும்வரை நான் நாற்காலியின் முதுகைப் பிடித்தபடியே நின்றேன்.

வெளியே வந்து, தனியாகச் சொல்லியிருக்கக் கூடாதா என்று உங்களிடம் கோபப்பட்டேன். "நீங்க வாயத் தொறக்குறதுக்குள்ள பிள்ளைக்குக் காது குத்தி மொய்யே எழுதிருப்பாங்கண்ணே" என்று சிரித்தீர்கள். ஒரு வாரம் உங்களோடு நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. அன்று முதல் நீங்கள் பிளாஸ்திரியை உங்கள் தட்டில் ஒட்டுவதை விட்டு, என் திரையின் ஓரத்தில் ஒட்டினீர்கள். ஓய்வு பெறும்வரை அதைப் பார்க்காமல் நான் ஓர் அளவும் எடுத்ததில்லை.

துண்டைச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன்.

வரிசையாக எழுதி வந்ததில் ஒன்று இப்போதுதான் பிடிபடுகிறது. குழாயை எடுத்துக் கொடுத்தவர் நீங்கள். தப்பு எது என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதை நீங்களே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் வாயால் சொல்ல வைத்தீர்கள்.

மேலே மூன்றாவதாக எழுதியது தவறு.