வாசலுக்குப் போன புகை

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். நான் சுகம். உங்கள் மூட்டுவலி தேவலையா? என் பாப்பாவுக்கு இளைப்பு அடங்கியதா?

போன வாரம் எங்கள் பனியன் கம்பெனிக்கு சரக்கு வாங்குகிற வெளிநாட்டுப் பையர் வந்தார். செக்கிங் மேஜைப் பக்கம் வெள்ளையாகப் புகை எழும்பவும், "துணி பத்திக்கிச்சுங்கோ!" என்று கத்திக் குடத்துத் தண்ணீரை வீசிவிட்டேன். பார்த்தால், அவர் வாயில் பேட்டரியில் புகைகிற கரண்டு சிகரெட்டு! சொட்டச் சொட்ட நின்றார்.

அவர் இங்கிலீஷில் ஏதோ சொல்ல, சூப்பர்வைசர் வினிதா, "அது வெறும் ஆவிதானாமுங்க்கா, உடனே போயிருமாம்" என்றாள்.

"பூராவும் கைக்கொழந்தைக சட்டை கண்ணு. வாசம் நின்னுக்கும்னு சொல்லு" என்றேன்.

அவள் சொன்னதும் அவர் ஒரு சட்டையை மோந்து பார்த்தார். பிறகு அவராகவே வாசலுக்குப் போய்விட்டார்.

அப்பா, இதை நேரில் சொல்ல எனக்கு வாய் வராது. பாப்பாவின் அப்பா இருமி இருமிப் போய்ச் சேர்ந்ததை நீங்கள்தான் பக்கத்திலிருந்து பார்த்தீர்கள். அவளுக்கும் அதே நெஞ்சு. பீடியை விடச் சொல்லவில்லை. வாசலில் குடியுங்கள். குடித்த பிறகு கொஞ்சம் பொறுத்து, வாய் கொப்பளித்து, அவளைத் தூக்குங்கள்.

ஷிப்டு மணி அடிக்கிறது. கோபமென்றால் கோபமென்றே எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

சித்ரகலா