ஆறு வீட்டு லயத்தில் ஒரு தியேட்டர்

மார்ச் 3, செவ்வாய்

காலையில் பக்கத்து வீட்டுக் கருப்பம்மாவிடம் ஒரு விஷயம் சொன்னேன். யாரிடமும் சொல்லாதே என்றும் சொன்னேன். மத்தியானம் தேயிலைக் கொழுந்து நிறுக்க இறங்கிய அத்தனை பேரும் என் கதையோடு இறங்கினார்கள். ஆயா அமிர்தம், வேலையை விட்டபோது கிடைத்த சேமலாப நிதிக் காசில் வீட்டுக்குள்ளே தியேட்டர் வைக்கப் போகிறாளாம்.

தப்பு கருப்பம்மா மேல் இல்லை. போஸ்ட் ஆபீஸில் கடிதம் போட்டுவிட்டு, ஏன் அனுப்பினாய் என்று கேட்க முடியுமா?

அதற்குள் எத்தனை புத்திமதி! மகளுக்கு நகை செய். கோயிலுக்குக் கதவு போடு. முழங்காலுக்கு வைத்தியம் பார். "பொம்பளைக்கு எதுக்குங்க தியேட்டரு?" என்று தோட்டத்துத் தலைவர், என்னிடம் கேட்காமல், என் வீட்டுக்காரர் வடிவேலிடம் கேட்டாராம். இவர் என்ன சொன்னார் என்று கேட்டேன். "நான் சிரிச்சேன்" என்றார். இவருடைய வீரம் அவ்வளவுதான்.

எதற்கு என்றால் எதற்கு? இருபத்தாறு வருஷம் பிள்ளைக் காம்பராவில், கொழுந்தெடுக்கப் போகிறவர்களின் பிள்ளைகளுக்கு ஆயா. இருபத்தாறு வருஷமும் நான் அதிகமாகச் சொன்ன வார்த்தை "ஸ்ஸ்ஸ்". ஒரு பிள்ளை தூங்கினால் ஒன்பது பிள்ளை முழிக்கும். கதவைச் சத்தமில்லாமல் சாத்தியே என் ஆயுசில் பாதி போய்விட்டது. இனி எனக்குச் சத்தம் வேண்டும். காசு கொடுத்து வாங்கிய, என் சொந்தச் சத்தம்.

மார்ச் 7, சனி

பதுளை. எலக்ட்ரானிக் கடை ஸனூஸ் தம்பி நல்ல மனுஷன். ஆனால் வாயால் கெட்டார்.

"அக்கா, ஹால் எத்தன அடி ஈக்கு?"

"ஹாலா? பத்துக்குப் பன்னண்டு. அதுல பாதி கட்டிலு."

"அப்ப பின்னுக்கு வைக்கிற ரெண்டு ஸ்பீக்கருக்கும் எடம் இல்லயே. நீங்க இருக்கிற எடத்துக்குப் பின்னால கொஞ்சம் வெளி வேணும்."

"எனக்குப் பின்னால சுவரு. சுவத்துக்குப் பின்னால கருப்பம்மா."

சிரித்தார். சிரித்துவிட்டு, டிவிக்குக் கீழே வைக்கிற ஒரே நீளப் பெட்டியைக் காட்டினார். "லயத்துக்கு இது போதும் தானே அக்கா."

அவ்வளவுதான். லயத்துக்கு இது போதும்! லயத்துக்கு ஒரு பைப் போதும், ஒரு பல்ப் போதும், ஒரு காம்பரா போதும். பிறந்த நாளிலிருந்து கேட்கிறேன். முன்னால் மூன்று, பின்னால் இரண்டு, தரையில் வைக்கிற பெரிய பெட்டி ஒன்று, எல்லாவற்றையும் ஆட்டிப்படைக்கிற ரிசீவர் ஒன்று. முழு செட்டையும் கட்டச் சொன்னேன்.

நமுனுகுல பஸ்ஸில் பெரிய பெட்டிக்கு சீட் கிடைத்தது. நான் நின்றுகொண்டு வந்தேன். ரைஸ் குக்கரா என்று ஒருத்தி. தேருக்கு மைக் செட்டா என்று இன்னொருத்தி. "பேரப்பிள்ளை" என்றேன்.

மார்ச் 8, ஞாயிறு

நாள்காட்டியின் பின்பக்கத்தில் வீட்டை வரைந்தேன். அழகான வீடு. வரைந்தால் எல்லா வீடும் அழகுதான்.

பின் ஸ்பீக்கருக்கு வழி கண்டுபிடித்தது நான்தான், ஸனூஸ் தம்பி இல்லை. ஆறு வீட்டையும் ஒட்டிக் கட்டிய லயத்தில் நடுச்சுவர் கூரை வரை போகாது. தகரத்துக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு முழம் சும்மா கிடக்கிறது. அந்தச் சுவர் உச்சியில் இரண்டையும் உட்கார வைத்து, முகத்தைக் கீழே சாய்த்து, பின்னால் ஆளுக்கொரு ஓட்டுத் துண்டு முட்டுக் கொடுத்தேன். நாற்காலியைச் சுவரிலிருந்து இரண்டடி முன்னால் இழுத்தாயிற்று. இப்போது டிவிக்கும் என் முழங்காலுக்கும் நடுவில் ஒரு பிளேன்டீ கிளாஸ் வைக்க இடம் உண்டு.

"நான் எங்க உக்கார்றது?" என்றார் வடிவேல்.

"நீங்க ரெண்டாம் வகுப்பு. வெளிய, இஸ்தோப்புல."

மார்ச் 11, புதன்

வயர், வயர், வயர். எந்தப் பக்கம் காலை வைத்தாலும் சிவப்பும் கறுப்பும். விளக்கப் புத்தகத்தில் ஒரு படம்: கம்பளம், சோபா, நாய், சோபாவில் ஒரு வெள்ளைக்காரி. அவள் வீட்டில் ஒரு வயர்கூடத் தெரியவில்லை. நாய் தின்றிருக்கும்.

எல்லாவற்றையும் மாட்டிப் போட்டால் சத்தம் டிவியிலிருந்து மட்டும் வருகிறது. இரண்டு மணி நேரம் கழற்றி மாட்டினேன். சாமியைத் திட்டினேன். ஸனூஸ் தம்பிக்குப் போன் எடுத்தேன்.

"அக்கா, டிவிக்குப் பின்னால ஒரே மாதிரி மூணு ஓட்ட ஈக்கும். அதுல ஒண்டுல மட்டும் ஏ.ஆர்.சி. எண்டு எழுதி ஈக்கும். அதுலதான் சத்தம் திரும்பி வெளிய வரும்."

"மத்த ரெண்டும்?"

"அதுகள் உள்ள எடுக்கும், வெளிய தராது."

எங்கள் தோட்டத்து ஆபீஸ் மாதிரி.

மார்ச் 12, வியாழன்

ஐந்தும் பேசுகின்றன. பெரிய பெட்டி மட்டும் ஊமை.

மார்ச் 14, சனி

நான் இதை எழுதத்தான் வேண்டுமா? எழுதுகிறேன். ஊரே பேசுகிறது, நானும் பேசிவிட்டுப் போகிறேன்.

முதலில் இதைச் சொல்ல வேண்டும். நவம்பர் மழைக்குப் பிறகு லயத்துக்குப் பின்னால் மலையில் கை நுழைகிற அகலத்துக்கு ஒரு வெடிப்பு. பதுளை அரசாங்கக் கச்சேரியிலிருந்து மண்சரிவு பார்க்க வந்தவர்கள் எல்லாத் தோட்டத்துக்கும் ஒரே பாடம் சொல்லிவிட்டுப் போனார்கள்: மலை உறுமினால், தரை அதிர்ந்தால், சாமான் எடுக்க நிற்காதே, ஸ்கூலுக்கு ஓடு.

சாயங்காலம் ஐந்து மணி. நல்ல மழை. ஊமைப் பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் முதுகில் ஒரு திருகு, பூச்சியத்தில் நிற்கிறது. அட, இதுதானா! கடைசி வரை திருகினேன். போட்டிருந்த படத்தில் யானைக்கூட்டம் ஒன்று காட்டிலிருந்து ஓடி வருகிறது.

முதலில் கிளாஸ் நடுங்கியது. பிறகு தரை. பிறகு ஆறு வீட்டுத் தகரமும் ஒன்றாகப் படபடத்தது. ஆகா என்று கண்ணை மூடினேன்.

"மலை வருது! ஓடுங்கடி, மலை வருது!" கருப்பம்மாவின் தொண்டை.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? நிறுத்தியிருக்க வேண்டும். என்ன செய்தேன்? ஓடினேன். என் பெட்டி, என் யானை, நான் திருகிய திருகு. எல்லாம் தெரிந்தும் ஓடினேன். லயமே "மலை, மலை" என்று ஓடும்போது அது யானைதான் என்று நின்று யோசிக்கக் கால் விடவில்லை. டாக்டர் நடக்கவே கூடாது என்ற முழங்கால், தலைவரை முந்தியது.

ஸ்கூலில் எண்ணிப் பார்த்தார்கள். எல்லாரும் இருக்கிறார்கள். கடைசி வீட்டுக்காரர் இஸ்திரிப்பெட்டியோடு வந்திருக்கிறார். தலைவர் கையில் தலைக்குப் பூசுகிற மை. என் கையில் ரிமோட்.

ஆறு மணிக்கு வேலை விட்டு வந்த வடிவேல், ஆளில்லாத லயத்தைத் தாண்டி, நனைந்துகொண்டு ஸ்கூலுக்கு வந்தார். அத்தனை பேருக்கு முன்னாலும் கேட்டார்:

"ஏன் அமிர்தம், டிவிய அணைக்காமயா வந்த? ஊட்ல யானை கத்துது."

மார்ச் 15, ஞாயிறு

நேற்று வேடிக்கையாக எழுதிவிட்டேன். இன்று சிரிப்பு வரவில்லை.

கருப்பம்மாவின் மகளுக்கு வயிற்றில் ஏழு மாதம். படியில் வழுக்கப் பார்த்தாளாம், கருப்பம்மா பிடித்தாளாம். இவளுடைய இரண்டு முட்டியும் தேய்ந்திருக்கின்றன. மருந்தெண்ணெய் கொண்டுபோனேன். கதவைத் திறக்கவில்லை. சுவருக்கு மேலால்தான் பதில் வந்தது.

"ஒனக்கு யான வெளையாட்டு. எனக்கு உசுரு போயி வந்துச்சுடி."

எண்ணெய்ப் போத்தலை வாசலில் வைத்துவிட்டு வந்தேன்.

மார்ச் 18, புதன்

தோட்டத்து ஆபீஸிலிருந்து கடிதம். எனக்கு! இருபத்தாறு வருஷத்தில் சம்பளத் துண்டைத் தவிர எதையும் எழுதித் தராத ஆபீஸ், முழுப் பக்கம் எழுதி, முத்திரை குத்தி அனுப்பியிருக்கிறது. என்னுடைய ஒலிபெருக்கிச் சாதனத்தின் அதிர்வு லயக் கட்டடத்துக்கும் குடியிருப்போர் உயிருக்கும் ஆபத்து விளைவிக்கக் கூடியதாம். ஏழு நாளில் அகற்ற வேண்டுமாம்.

கொண்டு வந்து கொடுத்த பெரிய கிளாக்கர் தன் பங்குக்கும் ஒன்று சொன்னார்: "லயத்துக்கு எதுக்கும்மா இதெல்லாம்?"

எதுக்கா? டேய், எதுக்கா? ஒங்க பிள்ளைங்களயும் நான்தான்டா தூங்க வெச்சேன், ஸ்ஸ்ஸ், ஸ்ஸ்ஸ்னு. எடுக்க மாட்டேன். ஏழு நாள் இல்லை, எழுநூறு நாள் ஆனாலும் எடுக்க மாட்டேன்.

(எழுதிவிட்டேன். நேரில் "சரிங்க ஐயா" என்றுதான் சொன்னேன். அதையும் எழுதி வைக்கிறேன்.)

மார்ச் 19, வியாழன்

அந்தக் கடிதத்தை ஏழெட்டுத் தடவை படித்தேன். ஒவ்வொரு தடவையும் கோபம் கொஞ்சம் குறைந்து வேறு ஒன்று கூடியது.

டிசம்பரில் நாங்கள் வெடிப்பைப் பற்றிச் சொல்லப் போனபோது இதே பெரிய கிளாக்கர் என்ன சொன்னார்? "வெள்ளக்காரன் கட்டுன லயம், ஒன்னும் ஆகாது." வாயால். எழுதித் தரச் சொன்னோம், தரவில்லை.

இப்போது எழுதித் தந்திருக்கிறார். ஒரு முழ உயரப் பெட்டியின் அதிர்வைக்கூட இந்த லயம் தாங்காது என்று. முத்திரையோடு.

ஐயா, நீங்க மகராசனா இருக்கணும்.

மார்ச் 20, வெள்ளி

பதில் எழுதிவிட்டேன். சுருக்கம் இதுதான்: பெட்டியை நான் அணைக்கலாம், அதற்குத் திருகு இருக்கிறது. மலைக்குத் திருகு எங்கே இருக்கிறது? ஒரு பெட்டிக்கே ஆபத்து என்று நீங்கள் எழுதித் தந்த லயத்தில் இருபத்தொன்பது பேர் எப்படி இருப்பது? வேறு இடம் தாருங்கள். அதுவரை பெட்டியும் இங்கேதான் இருக்கும், நாங்களும் இங்கேதான் இருப்போம். இதற்கும் ஆபீஸ் கடிதத்துக்கும் ஒவ்வொரு பிரதி கச்சேரியில் மண்சரிவு பார்க்கிறவர்களுக்கு.

வடிவேல் படித்துவிட்டுத் தண்ணீர் குடித்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். முப்பது வருஷக் குடித்தனத்தில் இன்றுதான் அவரைக் கொஞ்சம் பிடித்தது.

நான்கு வீடு போட்டுவிட்டது. கருப்பம்மா வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. அவளே வந்தாள்.

"பேனாவ குடு."

"முட்டி எப்பிடி இருக்கு?"

"ஒன் பெட்டிக்காகப் போடலடி. அது நாசமாப் போகட்டும். வயித்துல இருக்கே ஒன்னு, அதுக்காகப் போடுறேன்."

போட்டாள். போட்டுவிட்டு, பெரிய பெட்டியைக் காலால் தட்டிப் பார்த்தாள். "இவ்வளவுதானா இது?" என்றாள், ஏமாந்த மாதிரி.

மார்ச் 25, புதன்

ஏழாம் நாள். பெட்டியை எடுக்க ஆள் வரும் என்று இஸ்தோப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். பெரிய கிளாக்கர் தனியாக வந்தார். குடையை மடக்கினார். பிளேன்டீ குடித்தார். சீனி கொஞ்சம் குறைவு என்றார்.

"ஆயாம்மா, ஏன் இத பெருசு பண்றீங்க? நீங்க பெட்டிய வெச்சுக்கங்க. யாரும் கேக்க மாட்டாங்க. அந்த லெட்டர மட்டும் திருப்பிக் குடுத்துருங்க. கச்சேரிக்கு, ஒரு தவறுதல்னு நான் சொல்லிக்கிறேன்."

பார்த்தாயா! நான் கேட்டதே அதுதானே? பெட்டி எனக்கு, சத்தம் எனக்கு. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் இன்றைக்கே யானை ஓடும். பொய் எழுதி என்ன, ஒரு நிமிஷம் ஆசை வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் கருப்பம்மா மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்றும் தெரிந்தது.

"லெட்டரு கச்சேரியிலயும் இருக்குங்க ஐயா. ஆனா என்கிட்ட இருக்கறதயும் நான் தர மாட்டேன்."

"அப்ப பெட்டி?"

"அதயும் தர மாட்டேன்."

குடையை விரிக்காமலே நனைந்துகொண்டு போனார்.

ஏப்ரல் 9, வியாழன்

கச்சேரியிலிருந்து மூன்று பேர். வெடிப்பில் இரும்புக் கம்பி அடித்து அளந்தார்கள். முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். "மழை பெய்யிற நேரம் காதத் தீட்டி வெச்சிருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஏப்ரல் 16, வியாழன்

மூன்று மணிக்கு மழை பிடித்தது. பெரிய பெட்டியின் பிளக்கைக் கழற்றி ஜன்னலில் வைத்தேன். யாரும் சொல்லவில்லை. ஆபீஸ் சொல்லியிருந்தால் கழற்றியிருக்க மாட்டேன்.

ஏப்ரல் 29, புதன்

கச்சேரிக் கடிதம் வந்துவிட்டது. லயம் குடியிருக்கத் தகுதியில்லை. ஆறு வீடும் காலி. மூன்று வருஷமாகப் பூட்டிக் கிடக்கிற ஸ்டாஃப் குவார்ட்டர்ஸ் மூன்றில், வீட்டுக்கு இரண்டு குடும்பம். புது இடம் கிடைக்கும் வரை, மூன்று மாதத்துக்கு மட்டுமாம். தோட்டத்தில் மூன்று மாதம் எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும்.

எல்லா வயரையும் கழற்றி, சுருட்டி, ஒவ்வொன்றிலும் பிளாஸ்டர் ஒட்டி எழுதினேன்: முன் இடது, முன் வலது, நடு. பாதியில் கொஞ்சம் அழுதேன். எதற்கு என்று தெரியவில்லை. இந்தக் காம்பராவில் அந்தத் திருகை முழுசாகத் திருகியது ஒரே ஒரு தடவை.

மே 2, சனி

வெயில். லயம் இன்று ஓடவில்லை, நடந்து போனது. இந்தத் தடவை எல்லாரும் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார்கள்.

எங்களோடு ஒரே குவார்ட்டர்ஸில் கருப்பம்மா குடும்பம். யார் யாரோடு என்று சீட்டுக் குலுக்கினார்கள் என்று தலைவர் சொன்னார். கருப்பம்மா போய்ச் சண்டை போட்டு மாற்றினாள் என்று வடிவேல் சொன்னார். அவளிடம் கேட்டேன். "போடி" என்றாள்.

பெரிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்ததும் அவள்தான்.

சாவி கொடுக்கப் பெரிய கிளாக்கர் நின்றுகொண்டிருந்தார். நான் முன்னறையை நூல் பிடித்து அளந்தேன். பதினான்குக்குப் பதினாறு! நடுவில், நாற்காலி வரும் இடத்தில், சாக்குக்கட்டியால் ஒரு குறி போட்டேன். தோட்டத்து வீட்டில் ஆணி அடிக்க வேண்டுமென்றால் ஆபீஸில் அனுமதி கேட்பதுதான் வழக்கம்.

"பின்பக்கச் சுவத்துல நாலு ஆணி அடிப்பேங்க ஐயா" என்றேன்.

கேட்கவில்லை. சொன்னேன்.

"அடிங்க" என்றார்.