கொல்லையில் கிடக்கும் சுமைதாங்கி

ஆலங்குடி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள உண்ணாமலை பெரியம்மாவுக்கு,

ரம்யா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது? மலேசியாவிலும் மழை என்று கேள்விப்பட்டேன். எங்களுக்கு இந்த முறை கடலை நன்றாக விளைந்திருக்கிறது.

வாட்ஸ்அப் இருக்கத் தபால் எதற்கு என்று நினைப்பீர்கள். அது அப்பாவின் போனில் இருக்கிறது. போன வாரம் அதில், உங்கள் அம்மாச்சியைப் புதைத்த இடம் தெரியவில்லை என்று ஒரு செய்தி வந்ததே, அதைத் தட்டியது நான்தான். அப்பா சொல்லச் சொல்லத் தட்டினேன். அது பொய், பெரியம்மா.

ராசாத்தி அம்மாச்சி எங்கள் கொள்ளுத்தாத்தாவின் மூத்த தாரம் என்பதும், இரண்டாவது பிள்ளையை வயிற்றில் வைத்தபடியே இறந்தார் என்பதும், உங்கள் அம்மாவைத் தாய்மாமன் மலேயாவுக்குத் தூக்கிப் போனதும் நீங்கள் சொன்னவை. அப்படிப் பிள்ளையை இறக்கி வைக்காமல் போனவர்கள் நினைவாக, வழியில் போகிறவர்கள் தலைச்சுமையை இறக்கி வைக்கச் சுமைதாங்கிக் கல் நடுவது இங்கே வழக்கம். நான் அதைப் பற்றிப் பள்ளியில் கட்டுரை எழுதிப் பரிசு வாங்கியவள். கல்லைக் கண்டுபிடித்தால் இடமும் தெரிந்துவிடும் என்று சைக்கிளில் ஊர் ஊராக அலைந்தேன்.

பக்கத்து வீட்டுக் காத்தாயி அத்தை பார்த்துவிட்டுச் சிரித்தார். "எங்கிட்டுடி அலையிற? ஒங்க கொல்லையில சட்டைக்குச் சோப்புப் போடுறியே, அந்தக் கல்லுதான். பரிசு வாங்குன புள்ளைக்கு இது தெரியலையாக்கும்!" என்றார்.

ரோட்டை அகலப்படுத்தியபோது பிடுங்கிப் போட்டிருக்கிறார்கள். தாத்தா மேல்கல்லை மட்டும் வண்டியில் ஏற்றிவந்து துவைகல்லாகப் போட்டுக்கொண்டார். வண்டியைத் தள்ளிய சிறுவன் அப்பா. நான் கேட்டதும் அவர் மறைக்கவில்லை. புதைத்த இடத்தையும் கூட்டிப்போய்க் காட்டினார். எங்கள் வடக்கு வயல் மேட்டில், முந்திரி மரத்தடி. ஆனால் எழுத வேண்டாம் என்றார். "அவுக பேத்தி வந்து நிக்கிறப்ப எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அந்தக் கல்லக் காட்டுவேன்? அப்பறம் பங்கு கேட்டா என்ன செய்ய? நீ படிக்கிற வேலையப் பாரு" என்றார்.

மறுநாள் அம்மா துணிமூட்டையோடு மோட்டார் கொட்டகைக்குத் துவைக்கப் போய்விட்டார். அப்பா தனியாகக் கடப்பாரை போட்டு அந்தக் கல்லை நெம்பிப் பார்த்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அது அசையவில்லை. ஆள் கூப்பிட்டால் எதற்கு என்று கேட்பார்களே என்று விட்டுவிட்டார் போலிருக்கிறது. அவர் கெட்டவர் இல்லை, பெரியம்மா.

நான் அந்தக் கல்லில் பள்ளிச் சீருடையை ஓங்கி ஓங்கி அடித்துத் துவைத்திருக்கிறேன். அந்த மரத்து முந்திரியைச் சுட்டுத் தின்றிருக்கிறேன். தெரியாமல் செய்தது என்று சொல்லிக்கொள்ளலாம். தெரிந்த பிறகு பொய்யைத் தட்டியதற்கு என்ன சொல்வது?

"பரவாயில்ல கண்ணு, தை மாசத்து டிக்கெட்டை கேன்சல் பண்ணிடுறேன்" என்று நீங்கள் பதில் போட்டீர்கள். அதைப் படித்த அன்று அப்பா சாப்பிடவில்லை. கேன்சல் செய்யாதீர்கள். உங்கள் அம்மா கடைசியாகக் கேட்டுக்கொண்டபடி அந்த முந்திரி மரத்தடிக்கு வந்து விளக்கேற்றுங்கள். கல்லைப் பார்த்தால் கோபம் வரும். எங்களைத் திட்டுங்கள். திட்டிவிட்டு, எங்கள் வீட்டில் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

நீங்கள் அப்பாவுக்கு அத்தை மகள் என்பதால் நான் உங்களுக்கு மகள் முறை என்று அம்மா சொன்னார். அப்படிக் கையெழுத்துப் போட எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. போட்டிருக்கிறேன். வேண்டாம் என்றால் நீங்களே கோடு போட்டு அடித்துவிடுங்கள்.

உங்கள் மகள்,
ரம்யா