தையல்காரர் ஒட்டிய பஞ்சு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் தையல் மெஷினும் சுகமாகவே ஓடிக்கொண்டிருக்கிறோம், மூன்றில் எது அதிகம் சத்தம் போடுகிறது என்று எழுத மாட்டேன், தபாலில் போடுவதற்கு முன் அம்மா படிப்பாள். அங்கே நீயும் மாப்பிள்ளையும் வாண்டுப் பயலும் நலமாக இருக்க வேண்டும். நீ அனுப்பிய படத்தில் அவன் சட்டையைப் பார்த்தேன், தோள் ஒரு விரற்கடை இறங்கியிருக்கிறது, தையல்காரன் பேரனுக்குக் கடைச் சட்டை வாங்கினால் அப்படித்தான்.

நம் கடையில் பொத்தானுக்குக் காஜா எடுக்கும் பெண்ணின் குழந்தைக்குத் தட்டம்மை, தடுப்பூசி போடும் வயதுகூட வராத கைக்குழந்தை, கண் சிவந்து, இருமி, உடம்பு நெருப்பாய்க் கொதித்து, இப்போதுதான் தேறியிருக்கிறது. அதைப் போனில் சொன்னபோது, வாண்டுக்கும் இன்னும் ஊசி போடவில்லை, எனக்குப் போட்டும் வந்ததே, பிறகு எதற்குப் பிள்ளையை அழவைப்பது என்று நீ சட்டம் பேசினாய். நான் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். நாலு நாளாகத் துணியில் கோடு போட்டால் கோணுகிறது.

அதனால் கேள். உன்னை அந்த ஊசிக்குத் தூக்கிக்கொண்டு போனது நான். நாளெல்லாம் ஊசியோடு குடித்தனம் நடத்துகிற சூரனான நான், வரிசையில் முன்னால் இருந்த குழந்தை வீறிட்டதும் உன்னோடு வெளியே ஓடி வந்துவிட்டேன். அம்மா கேட்பாளே என்று கடையிலிருந்து ஒரு துண்டுப் பஞ்சை எடுத்து உன் கையில் ஒட்டினேன், தடுப்பூசி அட்டையில் தேதியையும் நானே எழுதினேன். வேலை அவ்வளவு கச்சிதம். பிள்ளை அழவே இல்லையாம் என்று அம்மா தெருவெல்லாம் பெருமை பேசினாள். மறுநாள் போகலாம் என்றிருந்தேன், அந்த மறுநாள் வரவே இல்லை. நாலு வயதில் உனக்குத் தட்டம்மை வந்து, நெஞ்சில் சளி கட்டி, ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாய். உன் இடது காது மந்தமானது அதில்தான். ஊசி போட்டும் வந்துவிட்டதே என்று அம்மா டாக்டரிடம் அழுதபோது பக்கத்தில்தான் நின்றேன், வாயைத் திறக்கவில்லை. உனக்கு அந்த ஊசி போடவே இல்லை, கண்ணு.

அம்மாவிடம் நேற்றுச் சொல்லிவிட்டேன். திட்டவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது. ரொம்ப நேரம் அடுப்பையே துடைத்துக்கொண்டிருந்துவிட்டு, மொதல்ல அவளுக்கு எழுதுங்க, அழுறதெல்லாம் அப்புறம் என்றாள்.

என் மேல் கோபப்படு, பேசாமல் இரு, எனக்கு வேண்டியதுதான். ஆனால் கடிதம் கிடைத்த மறுநாளே வாண்டுவைத் தூக்கிக்கொண்டு போ. உன்னால் பார்க்க முடியாவிட்டால் மாப்பிள்ளை பிடித்துக்கொள்ளட்டும், என் ரத்தம்தானே உனக்கும். இரண்டாவது தவணையையும் விட்டுவிடாதே. நோய்நொடி அண்டாமல் மூன்று பேரும் நிறைவாக வாழ வேண்டும். ஊசி போடும்போது எனக்குப் போன் போடு, அவன் அழுவதைக் கேட்கிறேன். இந்தத் தடவை ஓட மாட்டேன்.

உன் அன்பும் மன்னிப்பும் வேண்டும்
அப்பா