கழுவிய மாவுத்தொட்டி

சுவோமுசால்மி, 1940 மே 19

கனடாவில் இருக்கும் என் மகள் ஹெல்விக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், உன் தம்பி தாவெத்தி, பசு மூவரும் உயிரோடு இருக்கிறோம். அங்கே நீ, மாப்பிள்ளை, பேரப்பிள்ளைகள் எல்லோரும் அதைவிட நன்றாக இருக்க வேண்டும்.

வீடு இல்லை. டிசம்பரில் ரஷ்யப் படை எல்லை தாண்டி வந்தபோது, எதிரி படுக்க ஒரு கூரை மிஞ்சக் கூடாது என்று நம் ராணுவமே கொளுத்தச் சொன்னது. நான் பசுவை ஓட்டிக்கொண்டு முன்னால் போனேன், உன் சித்தி சைமியிடம் ரொட்டி மாவுத்தொட்டியை மட்டும் பத்திரமாகக் கொண்டுவரச் சொன்னேன். உன் பாட்டி காலத்திலிருந்து கழுவாத தொட்டி, அதன் பலகையில் ஒட்டியிருக்கும் பழைய மாவுதானே அடுத்த ரொட்டியைப் புளிக்க வைக்கும் உறை. கொண்டுவந்தாள் மகராசி, சுரண்டி, வெந்நீர் ஊற்றித் தேய்த்து, பளபளவென்று! ஏன்டி என்றால், "போற எடத்துல நம்மள அழுக்குன்னு சொல்ல மாட்டாங்களா அக்கா?" என்கிறாள். எரியப் போகிற வீட்டில் நின்று தொட்டி கழுவியவளை எங்காவது கேள்விப்பட்டதுண்டா? சாகும்வரை மறக்க மாட்டேன், அவளையும் மறக்க விடமாட்டேன்.

சண்டையைச் செய்தித்தாளில் படித்திருப்பாய். துப்பினால் எச்சில் கல்லாய் விழும் குளிரில் தாவெத்தி வெள்ளை அங்கியும் பனிச்சறுக்குக் கட்டையுமாய் ராத்தே சாலையோரக் காட்டில் கிடந்தான். சாலையில் நீளமாய்ச் சிக்கிக்கொண்ட அந்தப் படையை நம்மவர்கள் துண்டு துண்டாக வெட்டிப் பிரித்தார்களாம். அணைந்த நெருப்பைச் சுற்றி உட்கார்ந்தபடியே விறைத்துப்போன ரஷ்யப் பிள்ளைகளைப் பார்த்ததாக ஒரே ஒரு முறை சொன்னான். இடது காலில் இரண்டு விரல் போயிற்று. சமாதானம் ஆகித் திரும்பியவன் எதைக் கொடுத்தாலும் இரண்டு வாய்க்கு மேல் தின்னவில்லை, "நம்ம ரொட்டி இல்லையாம்மா?" என்று மட்டும் கேட்டான். நாளுக்கு நாள் கரைந்துகொண்டே போனான்.

நம் உறை மிச்சமிருப்பது ஏரிக்கு அக்கரையில் ஈதா வீட்டில் மட்டும்தான், உன் பாட்டி என்றோ கொடுத்தது. என் கல்யாணக் காப்பியைக் கழுநீர் என்றாளே, அதே ஈதா. இருபத்தெட்டு வருஷமாக அவளோடு பேச்சில்லை. வாய்விட்டுக் கேட்பேனா? ஆனாலும் போனேன். மணிக்கட்டு சுளுக்கிக் கட்டுப் போட்டிருந்தாள். "என்ன லோவீசா, வழி தவறிட்டியா?" என்றாள். "கை ஒடிஞ்சவளுக்கு மாவு பெசஞ்சு குடுக்கலாம்னு வந்தேன்" என்றேன். முழங்கை வரை விட்டுப் பிசைந்து, நகக்கண் நிறைய மாவை ஏற்றிக்கொண்டேன். "கை கழுவிட்டுப் போ" என்றாள். "ஒன் வீட்டுத் தண்ணி எனக்கெதுக்கு" என்று கிளம்பிவிட்டேன். வழியில் பாதிரியார் கைகுலுக்க வந்தார், நான் கையைப் பின்னால் ஒளித்துக்கொண்டேன், இவளுக்கு மறை கழன்றுவிட்டது என்று நினைத்திருப்பார்.

சுரண்டிக் கரைத்து வைத்தேன், மூன்றாம் நாள் பொங்கியது. சாம்பல் நடுவே நம் அடுப்பு மட்டும் வானம் பார்த்து நிற்கிறது, அதிலேயே சுட்டேன். தாவெத்தி நின்றபடியே அரை ரொட்டி தின்றுவிட்டு, வெண்ணெய் எங்கே என்று அதட்டினான். பிழைத்துக்கொண்டான்.

இப்போது ஈதா சைமியிடம், "ஒங்கக்கா நகத்துல எடுத்துட்டுப் போனத பாத்தும் பாக்காத மாதிரி இருந்தேன், சொல்லிடாத" என்றாளாம். சைமி சொல்லாமல் இருப்பாளா? இருபத்தெட்டு வருஷக் கோபத்தில் ஒருத்தி இப்படியா ஓட்டை போடுவது!

இத்துடன் பொட்டலத்தில் காய்ந்த உறை வைத்திருக்கிறேன், வெதுவெதுப்பான நீரில் கரை. கர்த்தர் உங்கள் வாசலைக் காப்பாராக. யாராவது கேட்டால் அம்மா வீட்டு உறை என்று சொல், ஈதா பெயர் கனடா வரை போகக் கூடாது.

உன் அம்மா,
லோவீசா