ஒற்றைக் காதன் விற்ற பெட்ரோல்

மார்ச் 4, செவ்வாய்

நான் அப்பவே சொன்னேன். இவள் ஒரு நாள் பெரிய பைக் வாங்குவாள், வாங்கின கையோடு என்னிடம்தான் வந்து நிற்பாள் என்று. சாட்சி கேட்டால் லிஃப்ட் கண்ணாடிதான் சாட்சி. அக்கா மகள் இன்று காலை லிஃப்டில் ஏறியதும் ஒரு சாவியை என் மூக்குக்கு நேரே ஆட்டினாள். "வாங்கியாச்சு மாமா. எனக்கு ஒண்ணு, அவருக்கு ஒண்ணு. இந்த மாசக் கடைசியில, நீங்க வண்டியில போன அதே மேட்டு ரோடு!" அவர் என்றால் மாப்பிள்ளை. கல்யாணமாகி எட்டு மாசம்.

உருவம் சின்னது, காரம் பெரிசு. அதனால் அவளுக்கு மிளகு என்று பெயர். நான் வைத்த பெயர். அக்கா தான் வைத்ததாகச் சொல்லித் திரிகிறாள், போகட்டும். ஆறாவது மாடிப் பல் ஆஸ்பத்திரியில் பல்செட் செய்கிறாள். அந்த வேலை வாங்கிக் கொடுத்ததும் நான்தான். அதாவது, ஆள் தேவை என்று கதவில் ஒட்டியிருந்ததை நான்தான் படித்துச் சொன்னேன்.

பத்தொன்பது வருஷமாக இந்தக் கட்டிடத்தில் லிஃப்ட் ஓட்டுகிறேன். பதினோரு மாடி. ஏறி இறங்கின தூரத்தை நீட்டிப் போட்டால் நிலாவுக்குப் போய்த் திரும்பியிருக்கலாம். எட்டாவதோடு படிப்பை விட்டவன். இந்தக் கணக்கெல்லாம் மனசிலேயே போடுவேன்.

மார்ச் 9, ஞாயிறு

குடோனுக்குப் பின்னால் இருக்கிற காலி மைதானத்தில் பயிற்சி. கொடுத்தது நான். பிளாஸ்டிக் நாற்காலி, குடை, தண்ணீர் பாட்டில் என்று ஒரு குருவுக்கு வேண்டிய சகலமும் இருந்தது. முழங்கால் மட்டும் ஒத்துழைத்திருந்தால் ஓட்டியே காட்டியிருப்பேன்.

பாட்டில்களை வரிசையாக வைத்து, கால் தரையில் படாமல் எட்டுப் போட வேண்டும். மாப்பிள்ளை மருந்துக் கடையில் மாத்திரை எண்ணுகிற ஆள். வண்டியையும் எண்ணி எண்ணித்தான் ஓட்டுகிறார். ஒரு பாட்டிலும் விழவில்லை. ஆனால் ஒரு எட்டுக்கு எட்டு நிமிஷம். மிளகு நேர் எதிர். பதினோரு தடவை விழுந்தாள். (அக்காவிடம் இருபது என்றேன்.)

விழுந்த வண்டியைத் தூக்குவதில்தான் விஷயம் இருக்கிறது. ஹேண்டிலைத் திருப்பிவிட்டு, முதுகை சீட்டுக்குக் கொடுத்துக் குந்தி, காலால் தரையை உந்திப் பின்னாலேயே நடக்க வேண்டும். வெறும் வண்டியைத் தூக்கிவிட்டாள். இரண்டு பக்கமும் பை மாட்டின வண்டி அசையவில்லை. மூன்று தடவை பார்த்தாள். நாலாவது தடவை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"மேட்டு ரோட்டுல நீங்க எப்படி மாமா தனியாத் தூக்கினீங்க?"

"விழுந்தாத்தானே தூக்கறதுக்கு?" என்றேன்.

இரண்டு பேரும் கைதட்டினார்கள். நானும் கொஞ்சம் தட்டினேன்.

மார்ச் 16, ஞாயிறு

எங்கள் வீட்டுத் தரையில் மேப்பை விரித்தார்கள். லீவு பன்னிரண்டு நாள். கீழ் ரோட்டில் போனால் சுற்று, லீவு பத்தாது. மேட்டு ரோட்டில் போனால் லீவு போதும், ஆனால் ஒரு பெட்ரோல் பங்க்கை விட்டால் அடுத்த பங்க் நானூற்றுப் பத்து கிலோமீட்டர். நடுவில் வீடு கிடையாது, மரம் கிடையாது, போன் எடுக்காது. டேங்க் நிறைய ஊற்றினாலும் மூட்டையோடு இருநூற்றெழுபதுதான் ஓடும்.

"அப்போ அஞ்சு லிட்டர் கேன், ஆளுக்கு ரெண்டு," என்றார் மாப்பிள்ளை.

"முடியாது," என்றாள் மிளகு. "அந்த வெயிட்டோட விழுந்தா என்னால தூக்க முடியாது. கேன் எதுக்கு? இருநூறாவது கிலோமீட்டர்லதான் மாமாவுக்குப் பாட்டில்ல பெட்ரோல் வித்த ஒற்றைக் காதர் இருக்காரே!"

சொல்லிவிட்டு மேப்பில் சிவப்புப் பேனாவால் ஒரு காது வரைந்தாள்.

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். "அவருக்குப் போன் நம்பர் ஏதாவது இருக்கா மாமா?"

"இருக்கிறதே ஒரு காது. அதுக்கு எதுக்கு மாப்பிள்ளை போன்?"

சிரித்தார்கள். சிரித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. நீலத் தகரக் கொட்டகை, பீப்பாயிலிருந்து ரப்பர் குழாய் போட்டு உறிஞ்சிப் பாட்டிலில் பிடிப்பார், எந்த வண்டியையும் சத்தத்தை வைத்தே எவ்வளவு பெட்ரோல் மிச்சம் என்று சொல்லுவார், அதுவும் அந்த ஒற்றைக் காதாலேயே.

"நீங்க போய் இருபத்தஞ்சு வருஷமாச்சே, இன்னும் இருப்பாரா?" என்றார் மாப்பிள்ளை.

"அவர் இல்லாட்டி அவர் பிள்ளைங்க. மூணு பேர். கட்டிடம் மாதிரி இருப்பானுங்க."

வீட்டுக்காரி கதவு நிலையில் சாய்ந்து நின்று எல்லாவற்றையும் கேட்டாள். எனக்கு மட்டும் காபி வரவில்லை.

மார்ச் 17, திங்கள்

இந்த நோட்டை யார் படிக்கப் போகிறார்கள். எழுதிவிடுகிறேன்.

என் மேட்டு ரோட்டுக் கதையை மிளகுக்கு லிஃப்டில்தான் சொன்னேன், நாலு வருஷமாக, தினம் ஆறு மாடி நீளத்துக்கு. காலையில் அவள் ஏறும்போது ஆரம்பித்தால் ஆறாவது மாடியில் கதவு திறக்கும்போது கச்சிதமாக ஒரு கட்டம் முடியும். மிச்சம் சாயங்காலம் இறங்கும்போது. அப்படி ஒரு நாள், ஐந்தாவது மாடி தாண்டினதும் கேட்டாள்: "பெட்ரோலுக்கு என்ன பண்ணினீங்க மாமா?"

ஒரு மாடி நேரம்தான் இருந்தது. கதவு திறப்பதற்குள் பதில் வேண்டும். லிஃப்ட் ரிப்பேருக்கு வருகிற மெக்கானிக்குக்கு ஒரு பக்கம் காது மடல் இல்லை. சட்டென்று அவர் முகம் வந்தது. "அங்கே ஒருத்தன் பாட்டில்ல விப்பான், ஒற்றைக் காதன்," என்றேன். கதவு திறந்தது. அவள் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனாள்.

ஒரே ஒரு மாடி. அதற்குள் பிறந்தவன். இப்போது மேப்பில் ஏறி உட்கார்ந்திருக்கிறான்.

மார்ச் 19, புதன்

இன்று சொல்லிவிடுவது என்றுதான் போனேன். லிஃப்டில் ஒன்பதாவது மாடி வக்கீல் இருந்தார். சாயங்காலம் பல் டாக்டரே இருந்தார். அவருக்கு முன்னால் எப்படி? அவருக்கும் ஒற்றைக் காதனைத் தெரியும். இந்தக் கட்டிடத்தில் யாருக்குத் தெரியாது?

மார்ச் 20, வியாழன்

தனியாகத்தான் இருந்தாள். ஆறாவது மாடி ரொம்பப் பக்கம்.

மார்ச் 22, சனி

பார்க்கிங்கில் வண்டி டயரைக் கழற்றி மாட்டிப் பழகினார்கள். இரும்புக் கரண்டி மாதிரி ஒன்றை விளிம்பில் செருகி நெம்ப வேண்டும். மிளகுக்குக் கை சிராய்த்துவிட்டது. ஆனால் நாற்பது நிமிஷத்தில் டியூப் வெளியே வந்து, ஒட்டுப் போட்டு, உள்ளே போயிற்று. பல் செதுக்குகிற கை அல்லவா. நானே அசந்துபோனேன், வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

மாப்பிள்ளை மறுபடியும் கேன் பேச்சை எடுத்தார். இந்தத் தடவை சண்டையாகிவிட்டது.

"எங்க மாமா பொய் சொல்றாருன்னு சொல்றீங்களா?"

"அப்படிச் சொல்லலம்மா. ஒருவேளை—"

"ஒருவேளையும் கிடையாது. நான் முதன்முதல்ல வண்டி ஓட்டணும்னு நெனச்சதே அவர் கதையக் கேட்டுத்தான். அவர் சொன்னா சொன்னதுதான்."

நான் பக்கத்திலேயே நிற்கிறேன். கையில் பஞ்சர் பசை. மாப்பிள்ளை பாவம், என்னிடம் வந்து, "தப்பா எடுத்துக்காதீங்க மாமா," என்கிறார்!

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டு, குத்துது குடையுது என்றால் யாரிடம் போய்ச் சொல்ல?

மார்ச் 23, ஞாயிறு

யோசனை ஒன்று: ஒற்றைக் காதன் செத்துப்போனதாகச் செய்தி வந்தது என்று சொல்லிவிட்டால்? நல்ல யோசனை.

யோசனை இரண்டு: மூணு பிள்ளைகளையும் அல்லவா சாகடிக்க வேண்டும்.

மார்ச் 24, திங்கள்

கம்பிக் கதவைச் சாத்துகிறேன், ஏறுகிறேன், திறக்கிறேன், சாத்துகிறேன். பத்தொன்பது வருஷத்தில் இன்றைக்குத்தான் கவனித்தேன். இந்தப் பெட்டிக்குள் நான் கையை விரித்தால் இரண்டு பக்கமும் இடிக்கிறது. இவ்வளவு நாள் விரித்துப் பார்த்ததே இல்லையா நான்?

மார்ச் 25, செவ்வாய்

வீட்டுக்காரி இன்று வாயைத் திறந்தாள்.

"ஏங்க, நீங்க அந்தப் பக்கமே போகலையே. கிளம்பிப் போன அஞ்சாம் நாளே லாரியிலதானே வண்டியோட வந்து இறங்கினீங்க? நான்தானே காய்ச்சலுக்கு மாத்திரை குடுத்தேன்?"

"அதெல்லாம் ஒரு கதைதானே—"

"கதைதான். யாரு வேண்டாம்னா? பத்தொம்பது வருஷமா அளந்தீங்க, நானும் அளக்கட்டும்னு விட்டேன். அதால யாருக்கும் ஒண்ணும் ஆகல. இப்போ அந்தப் பிள்ளை டேங்க் காலியாகி வெயில்ல நடுரோட்டுல நிக்கும். நீங்க இங்கே ஏறி இறங்கிட்டு இருப்பீங்க."

சோற்றைத் தட்டில் போட்டுவிட்டு: "நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

நான் சொல்றேன்னு சொன்னேன். எப்பன்னு கேட்டாள். வியாழக்கிழமைன்னேன். ஏன் வியாழக்கிழமைன்னு கேட்டாள். எனக்கே தெரியலயே.

மார்ச் 26, புதன்

நாளைக்கு வியாழக்கிழமை.

மார்ச் 27, வியாழன்

சொல்லிவிட்டேன். சிங்கம் மாதிரி சொன்னேன்.

காலை அவள் ஏறினாள், வேறு யாரும் இல்லை. ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் நிறுத்தும் பொத்தானை அழுத்தினேன். கம்பிக் கதவுக்கு வெளியே வெறும் சுவர். "என்ன மாமா, ரிப்பேரா?" என்றாள். "ரிப்பேர்தான்," என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். மேட்டு ரோட்டை நான் பார்த்ததே இல்லை. அடிவாரத்தில் முதல் வளைவிலேயே விழுந்தேன், செயின் அறுந்தது, வண்டியைத் தூக்க முடியாமல் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஒரு லாரிக்காரர் தூக்கிப்போட்டுக்கொண்டு போனார். லாரி ஷெட்டில் மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தேன். டிரைவர்கள் அவரவர் கதையைப் பேசிக்கொண்டிருந்தார்கள். அதைத்தான் உனக்கு என் கதையாகச் சொன்னேன். அவர்கள் கதையிலும் ஒற்றைக் காதன் கிடையாது. அவன் முழுக்க என்னுடையவன். கேன் எடுத்துக்கிட்டுப் போம்மா, உன்னைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன் என்றேன்.

மிளகு என்னைப் பார்த்தாள். பிறகு சிரித்தாளே ஒரு சிரிப்பு, லிஃப்டே ஆடிப்போயிற்று! "உங்க புளுகுக்கு ஒரு டேங்க் பத்தாது மாமா," என்றாள். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரிப்பு. எனக்கும் மனசு லேசாகிவிட்டது.

இவ்வளவு சுலபம் என்று தெரிந்திருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பேன்.

மார்ச் 29, சனி

கிளம்பிவிட்டார்கள். ஆளுக்கு இரண்டு கேன். வெயிட்டைக் குறைக்க மடக்கு நாற்காலி, அடுப்பு, மாற்றுச் செருப்பு எல்லாவற்றையும் எடுத்துப் போட்டுவிட்டாள். மூட்டையோடு வண்டியைப் படுக்கப் போட்டு, முதுகைக் கொடுத்துத் தூக்கியும் பார்த்தாள். மூன்றாவது முயற்சியில் எழுந்துவிட்டது! தெருவே பார்த்தது. நான் "சபாஷ்" என்றேன். ஹெல்மெட் போட்டிருந்தாள், காதில் விழுந்திருக்காது.

மாப்பிள்ளை வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "போய்ட்டு வர்றோம் மாமா," என்றார். மிளகு அத்தையைக் கட்டிக்கொண்டாள். நேரமாகிவிட்டது அல்லவா, எல்லோரிடமும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா?

ஏப்ரல் 3, வியாழன்

மேட்டு ரோட்டைத் தாண்டிவிட்டார்கள்! ஏற்றத்திலும் மணலிலும் வண்டி பெட்ரோலைக் கூடுதலாகக் குடித்ததாம், அடுத்த பங்க்குக்கு வந்து சேர்ந்தபோது மிளகு வண்டியில் ஒரு டம்ளர் பெட்ரோல்தான் மிச்சமாம். ஒரு தடவை மணலில் விழுந்தாளாம், தானே தூக்கினாளாம். செய்தி வீட்டுக்காரி போனுக்கு வந்தது. படமும் வந்திருக்கிறது. முகமெல்லாம் புழுதி, பல் மட்டும் தெரிகிறது.

என் போனில் டவர் சரியில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

வீட்டுக்காரி போனில் இன்றும் நாலு படம். என் போனைக் கடையில் காட்டினேன். நன்றாகத்தான் இருக்கிறது என்கிறான். கடைக்காரனுக்கு ஒன்றும் தெரியவில்லை.

ஏப்ரல் 15, செவ்வாய்

இன்று வேலைக்கு வந்தாள். மூக்கில் தோல் உரிந்திருக்கிறது. இடது கையில் கட்டு. லிஃப்டில் ஏழெட்டுப் பேர். வக்கீல் ஒன்பது என்றார். புதிதாக வந்த ஒருவர் மூன்று என்றார். மிளகு "ஆறு" என்றாள்.

நாலு வருஷத்தில் அவள் எனக்கு மாடி நம்பர் சொன்னதே கிடையாது.

பல் டாக்டர் பின்னாலிருந்து கேட்டார்: "என்னம்மா, அந்த ஒற்றைக் காதரைப் பார்த்தீங்களா?"

அவள் திரும்பவில்லை.

"கடை மூடியிருந்துச்சு டாக்டர்," என்றாள்.

ஆறாவது மாடியில் இறங்கிப் போனாள். நான் கதவைச் சாத்தினேன். எல்லோரும் என்னைப் பார்த்து, "அடடா, பாவம், இருபத்தஞ்சு வருஷத்துக்கு அப்புறம்," என்றார்கள். "ஆமாம்," என்றேன்.

மார்ச் இருபத்தேழாம் தேதி எழுதினதில் ஒரு விஷயம் மட்டும் நானாக இட்டுக்கட்டினது. மற்றதெல்லாம் நடந்ததுதான், நிறுத்தினேன், சொன்னேன், கும்பிட்டேன். அவள் சிரிக்கவில்லை. டேங்க் பத்தாது என்றதும் அவள் இல்லை, அது நான் எழுதினது. அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு "கதவத் திறங்க" என்றாள். அவ்வளவுதான். மாமா என்றுகூடச் சொல்லவில்லை.